பகலில் குளிரும் வீடு

செக்கர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணை மூடிவிட்டது. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை நடைக்கு இழுத்து வந்து, சுவருக்கு நேர் எதிரே போட்டு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரும் தலையில் குரங்குக் குல்லாவுமாகக் காலை வாக்கிங் முடிந்ததிலிருந்து கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடிக் கருவி. வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று ஹீட்டருக்கு உத்தரவு போடுவது அதன் வேலை. முதலில் அதன் ஓரத்தில் இருந்த சின்ன வைஃபை குறி போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து நடுவில் இருந்த எண் மங்கியது. அப்புறம் அதுவும் இல்லை, வெறும் கறுப்பு. அதில் செக்கரின் குல்லா மட்டும் தெரிந்தது.

"பண்ணிட்டா பாரு," என்றார், யாருமில்லாத வீட்டில்.

பண்ணியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. மருமகள்தான். மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. அது அவருக்குச் சோறு போட்ட குணம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக ஆயுசில் பாதியைக் கழித்தவர். நடு வழியில் கையைக் காட்டி நிறுத்தி, ஏறி, ஒரு முறை எல்லா முகத்தையும் பார்ப்பார். அவ்வளவுதான். டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்டில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். எடுத்தவன் எரிச்சலோடு பார்ப்பான், எடுக்காதவன் அன்பாகப் பார்ப்பான் என்பது அவருடைய சித்தாந்தம். ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்து, இந்தக் குளிர் ஊருக்கு மகன் வீட்டோடு வந்து தங்கிய பிறகும் அக்கம்பக்கத்தில் அவருக்கு செக்கர் என்றே பேர் ஒட்டிக்கொண்டது. மருமகளோ அவரை எப்போதும் அன்பாகத்தான் பார்த்தாள். அதுதான் அவருக்கு உதைத்தது.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்தே இந்தக் கூத்து. காலையில் வீடு கதகதவென்று இருக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போவார்கள். செக்கர் தோட்டப்பக்கக் கதவு வழியாக வாக்கிங் போய்விட்டு வந்து பேப்பரைப் பிரிப்பார். பேப்பர் முடிவதற்குள் கால்விரல் சில்லிடும். மதியத்துக்குள் கருவி செத்துவிடும். அந்நேரம் அலுவலகத்தில் இருக்கும் மகனின் போனுக்கு, கருவி தொடர்பில் இல்லை என்று ஒரு செய்தி போகும். அவன் அங்கிருந்து போன் போட்டு, "அப்பா, அத ஒரு தடவ அமுக்கிப் பிடிங்க, ரௌட்டர ஒரு தடவ அணைச்சுப் போடுங்க," என்று உயிரை வாங்குவான். அமுக்கிப் பார்த்தாயிற்று. ரௌட்டரை அணைத்துப் போட்டாயிற்று. வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றி, ரௌட்டரையே நடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தும் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் மசியவில்லை. சாயங்காலம் மருமகள் வந்து கொஞ்ச நேரத்துக்குள் அது தானாக விழித்துக்கொள்ளும். விடுமுறை நாளில் மகன் அவரை முன்வாசல் வழியாகக் காரில் ஏற்றிப் பூங்காவுக்குக் கூட்டிப் போவான்; அன்றைக்கெல்லாம் அது சமர்த்துப் பிள்ளை, ஒரு நோயும் இல்லை.

ஆக, செக்கர் தனியாக இருந்தால் மட்டும் குளிர்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காரணமும் அவருக்குத் தெரியும். முன்பு ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாக்கிங் போய்விட்டார். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை உடைத்து உள்ளே நின்றுகொண்டிருந்தார். பாத்திரம் கரியாகி, வீடெல்லாம் புகை. தீயைக் குறைத்துத்தான் வைத்தேன், கிளம்பும்போது அவள்தான் கூட்டியிருக்க வேண்டும் என்று செக்கர் இன்றைக்கும் சொல்வார். அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் மகன் பேசியதைக் கேட்டார். "இன்னொரு தடவ இப்படி ஏதாவது ஆச்சுன்னா என்னால முடியாது. வயசானவங்களப் பாத்துக்கற இடம் இருக்கே, அங்கதான் சேக்கணும்." அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்காததை அவரே இட்டு நிரப்பிக்கொண்டார். யோசனை அவளுடையது, வாய் மட்டும் இவனுடையது. நேரடியாகப் போ என்று சொன்னால் ஊர் சிரிக்கும். குளிரவைத்தால் கிழவனே கிளம்பிவிடுவான். எந்நேரமும் கையில் போன் இருக்கிறது, போனிலிருந்தே வீட்டை அணைக்கலாம் என்று மகனே பெருமையாகச் செய்து காட்டியும் இருக்கிறான். நேற்று இதையெல்லாம் மகனுக்கு அலுவலகத்துக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவன் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, "நாளைக்கு மதியம் ஒரு மெக்கானிக் வருவாருப்பா. அவளும் பாதி நாள் லீவு போட்டு வந்துடுவா," என்று வைத்துவிட்டான்.

மெக்கானிக்தான் முதலில் வந்தார். தோளில் பை, காதில் பென்சில், மூக்கில் ஜலதோஷம். கருவியைத் திருகிச் சுவரிலிருந்து கழற்றினார். பின்னால் நாலைந்து வண்ணங்களில் மெல்லிய வயர்கள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. மீட்டரின் இரண்டு முனைகளையும் அவற்றில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குள்ள சின்னதா ஒரு பாட்டரி இருக்கு சார். கரண்ட் நின்னாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மொதல்ல வைஃபைய விட்டுடும், அப்புறம் வெளிச்சத்த விட்டுடும். பசிச்ச ஆளு மொதல்ல பேச்சக் கொறைப்பான்ல, அந்த மாதிரி."

"அப்போ வைஃபை கோளாறு இல்லியா?"

"வைஃபை என்ன பண்ணும் பாவம். வயர்ல கரண்டே வரல. காலைலயே நின்னிருக்கணும். இது இப்பத்தான் மயங்கியிருக்கு."

காலையிலேயே! செக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் என்றால் அவள் கிளம்பின நேரம். கணக்கு எவ்வளவு அழகாக உட்காருகிறது.

"ஹீட்டர் எங்க சார் இருக்கு?" என்று மெக்கானிக் கேட்டதற்கும், தோட்டப்பக்கக் கதவு திறந்ததற்கும் சரியாக இருந்தது. ஹீட்டர் இருப்பது அந்தக் கதவை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில். செக்கர் வாயில் விரலை வைத்து மெக்கானிக்கை அங்கேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நடுவயசில் ஓடும் பஸ்ஸில் ஏறிய அதே பூனை நடையில் போனார். திருப்பத்தில் தலையை மட்டும் நீட்டினார். மருமகள் உள்ளே வந்திருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கதவோரம் வரிசையாக இருந்த மூன்று சுவிட்சுகளில் கடைசியை ஒரு விரலால் மேலே தள்ளிப் போட்டாள். ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனால் படிக்குக் கீழே ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு எழுந்தது.

"வந்துடுச்சு சார்!" என்று நடையிலிருந்து மெக்கானிக் கத்தினார். "நான் இப்பத்தான் இந்த வயர டைட் பண்ணேன், உடனே வந்துடுச்சு!"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கையும் களவுமாகப் பிடித்த பிறகு மூன்றாம் மனிதன் முன்னால் பேசக்கூடாது, பஸ்ஸை விட்டு இறக்கித்தான் பேச வேண்டும். மெக்கானிக் கருவியை மாட்டி, அது சிவப்பாகக் கண் சிமிட்டி எழுந்திருப்பதைப் பார்த்து, திருப்தியோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போகும் வரை பொறுத்தார். பிறகு தோட்டப்பக்கக் கதவின் முன் போய் நின்றார். மருமகள் ஷூ கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்தாள்.

"பாத்துட்டேம்மா. என் கண்ணால பாத்துட்டேன். நீ சுவிட்ச போட்டத."

அவள் நிமிரவில்லை. கயிற்றின் முடிச்சிலேயே கை நின்றது.

"போடறத பாத்தீங்க மாமா. அணைக்கிறது யாருன்னு பாத்தீங்களா?"

"அதான் போன்லயே அணைச்சுடறியே."

"போன்ல இந்த சுவிட்ச அணைக்க முடியாது. இது ஹீட்டருக்கு வர்ற மெயின். கையாலதான் அணைக்கணும்." அவள் எழுந்தாள். கதவைப் பார்த்து நின்று, வெளியே போகிறவள்போல ஒரு காலை எடுத்து வைத்து, வலது உள்ளங்கையை விரித்துச் சுவரில் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தாள். மூன்று சுவிட்சும் ஒரே சத்தத்தில் விழுந்தன. படிக்குக் கீழே உறுமல் நின்றது. "இப்படி. தெனமும் காலைல வாக்கிங் போறப்ப. நீங்கதான் மாமா."

செக்கருக்கு அந்தக் கையைத் தெரியும். அது டிப்போவின் கை. கடைசியாக வெளியேறுகிறவன் ஓய்வறைப் பலகையில் இருக்கிற சுவிட்சு அத்தனையையும் ஒரே வீச்சில் இறக்கி அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். வீட்டிலும் அப்படித்தான் இறக்குவார். மனைவி குளித்துக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிட்டு எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். எரியாத விளக்குக்கு எதற்கு சுவிட்ச் மேலே நிற்க வேண்டும்? கை தன் பாட்டுக்கு அதைச் செய்யும்; தலைக்கு அதில் வேலையே கிடையாது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார். குரலில் இன்னும் அதிகாரி இருந்தான், ஆனால் தொப்பி இல்லை.

மருமகள் கடைசி சுவிட்சை மறுபடி மேலே தள்ளிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொன்னேன் மாமா. ரெண்டு தடவ."

"எப்போ?"

"ஒரு தடவ இங்கயே, இதே எடத்துல. இன்னொரு தடவ சாப்பிடறப்ப. அடடா ஆமாம்மா, டிப்போ பழக்கம்னு சிரிச்சீங்க. அத்தை குளிச்சிட்டிருந்த கதையக்கூடச் சொன்னீங்க."

செக்கர் தேடினார். சாப்பாட்டு மேசையைத் தேடினார், இந்த மூலையைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. இருட்டில் மங்கலாக ஒரு நிழல்கூட இல்லை, சுத்தம். அப்படியானால் அவள் பொய் சொல்கிறாள். மனைவி குளித்த கதையை மகன் சொல்லி அவள் தெரிந்துகொண்டிருக்கலாம். அவர் வழக்கம்போல முகத்தைப் பார்த்தார். எரிச்சலும் களைப்புமாக அவரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகம். டிக்கெட் எடுத்த முகம்.

"மறந்துடறீங்களேன்னு அது மேல டேப் ஒட்டினேன். மறுநாள் டேப்பக் காணோம்."

டேப் ஞாபகம் இருந்தது. அதைத்தான் ஞாபகமில்லாமல் இருக்கக் கூடாதா? சுவரை அசிங்கப்படுத்தியிருக்கிறார்களே என்று நகத்தால் சுரண்டி, பசையைக்கூட ஈரத்துணியால் துடைத்தது வரை எல்லாம் ஞாபகம் இருந்தது. ஏன் ஒட்டினார்கள் என்பது மட்டும் இல்லை.

"இத ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?" அவள் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "எங்க அப்பாவ அந்த மாதிரி எடத்துலதான் விட்டோம் மாமா. நல்ல எடம்தான். நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா எப்பப் போனாலும் ஷூவ மாட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பாரு. கெளம்பலாமான்னு கேப்பாரு. கருவி கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். சாயங்காலம் வந்து போட்டா ஆச்சு."

செக்கர் நின்றுகொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பழக்கம் உத்தியோகத்தில் கிடையாது, வீட்டிலும் வரவில்லை. "வெந்நீர் வைக்கட்டுமா? கால் வலிக்குதுன்னா," என்றார். அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாரே என்று அவள் சட்டென்று எழுந்து, "நானே வச்சுக்கறேன் மாமா," என்றாள். அந்த அவசரம் அவரைச் சுருக்கென்று குத்தியது.

மெக்கானிக் சும்மா போகவில்லை. போகிற வழியில் மகனுக்குப் போன் போட்டு, வேலை முடிந்தது என்பதோடு, "நான் டெஸ்ட் பண்றப்ப கரண்ட் இல்ல சார், அப்புறம் திடீர்னு வந்துச்சு. யாரோ மெயின் சுவிட்ச போட்ட மாதிரியே இருந்துச்சு," என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மகன் வீட்டுக்குள் நுழையும்போதே முகம் சரியில்லை. பையைக்கூட இறக்கவில்லை.

"ஹீட்டர் சுவிட்ச யாரு அணைக்கிறது?"

"நான்தான்," என்றாள் மருமகள், மறுநாளைக்குக் காய் நறுக்குவதை நிறுத்தாமல். "காலைல அவசரத்துல லைட்டுன்னு நெனச்சு அணைச்சுட்டுப் போயிடறேன் போல."

"தெனமுமா? படிச்சவதானே நீ? இதுக்காக எத்தன நாளா நான் மண்டையப் பிச்சுக்கறேன்! அப்பா குளிர்ல விறைச்சுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? வயசான மனுஷன் வீட்ல இருக்காருன்னு நெனப்பே கெடையாதா உனக்கு?"

கத்தி பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது. செக்கர் மேசையில் உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அறை இருக்கும், கட்டில் இருக்கும், காலை நடை இருக்கும். நேற்று வரை அவள் திட்டு வாங்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டார்? இதோ வாங்குகிறாள். ஆனால் சோறு உள்ளே இறங்கவில்லை. செய்யாத ஒரு ஆளை நடுவழியில் இறக்கிவிட்டுப் பஸ் கிளம்பிப் போவதுபோல இருந்தது.

"டேய். அவ இல்லடா. நான்தான்."

கத்தி நின்றது. மகன் திரும்பி அவரைப் பார்த்தான்.

"என்னப்பா?"

"வாக்கிங் போறப்ப நான்தான் அணைச்சுடறேன். பழக்கம். அவ சொல்லியிருக்கா. மறந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் தட்டைத் தள்ளி வைத்தார். இனி என்ன, பெட்டியை எடுத்து வெளியே வைக்க வேண்டியதுதான். ஆனால் மகன் சிரித்தான். அது நல்ல சிரிப்பாக இல்லை.

"நேத்து எனக்குப் போன் பண்ணி அவதான் அணைக்கிறா, என்னத் தொரத்தறான்னு அழாத கொறையா சொன்னீங்க. இன்னிக்கு நீங்களாம். அவ நான்தான்கறா, நீங்க நான்தான்கறீங்க." அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பகல்ல இந்த வீட்ல என்ன நடக்குது? ரெண்டு பேரும் சேந்து எங்கிட்ட என்னத்த மறைக்கிறீங்க?"

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அவள்.

"அதத்தான் நானும் கேக்கறேன். நாளைக்கு நான் லீவு. யாருன்னு நானே பாத்துக்கறேன்."

கண்ணை இடுக்கி, தலையை லேசாகச் சாய்த்து அவன் பார்த்த பார்வையை செக்கருக்கு நன்றாகத் தெரியும். டிப்போ கண்ணாடியில் தலை வாரும்போதெல்லாம் பார்த்த பார்வை. அவனுக்கு அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எதிர் முனையில் உட்கார்ந்தால் அது எப்படி இருக்கும் என்று அவருக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்தது.

காலையில் மகன் சொன்னபடியே செய்தான். நடையில் கிடந்த நாற்காலியைத் திருப்பி, தோட்டப்பக்கக் கதவைப் பார்த்தாற்போலப் போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். போனைப் பார்ப்பதுபோல் பாவனை, கண் கதவில். மருமகள் வேலைக்குக் கிளம்பினாள். அவள் ஷூவை மாட்டி, பையை எடுத்து, சுவிட்சுப் பக்கமே திரும்பாமல் கதவைத் திறப்பதை அவன் கவனமாகப் பார்த்தான். அவள் வாசலில் நின்று திரும்பி, மகனை விட்டுவிட்டு செக்கரைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, வெளிய ரொம்பக் குளிரு. ரெண்டு கையையும் கோட்டுப் பையிலயே வச்சுக்கோங்க. எடுக்காதீங்க."

"சரிம்மா."

வாக்கிங் போகாமலே இருந்துவிடலாமா என்று செக்கர் யோசித்தார். ஆனால் போகாவிட்டால் அதுவே சந்தேகம். ஏன் இன்றைக்கு மட்டும் போகவில்லை என்று கேட்பான். அவராக இருந்தாலும் கேட்டிருப்பார். ஷூவை மாட்டினார். குல்லாவை இழுத்துவிட்டார். கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டு முஷ்டியாக இறுக்கிக்கொண்டு, மகனின் பார்வை முதுகில் ஊர, கதவை நோக்கிப் போனார்.

தெருவில் குளிர் முகத்தில் அறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டே தலையசைத்தார். செக்கரும் அசைத்தார். கைகள் பைக்குள் பத்திரமாக இருந்தன. திருப்பம் வரைக்கும் போனவருக்கு, கதவை யார் திறந்தது என்று திடீரென்று தோன்றியது. மருமகள் போகும்போது சாத்திவிட்டுத்தான் போனாள். அப்படியானால் அவர்தான் திறந்திருக்க வேண்டும். கைப்பிடியின் சில்லிப்பு உள்ளங்கையில் இருப்பதுபோலவும் இருந்தது. கையை வெளியே எடுக்காமல் எப்படித் திறந்தார்? எடுத்த கை கைப்பிடியை மட்டும்தான் தொட்டதா? அவர் தேடினார். வாசல்படி ஞாபகம் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரின் தலையசைப்பு ஞாபகம் இருந்தது. நடுவில் இருந்த அந்த இடம் மட்டும் சுத்தமாகத் துடைத்திருந்தது.

திரும்பி நடந்தார். வேலிக்கு வெளியே, வீடு முழுசாகத் தெரிகிற இடத்தில் நின்றார். மாடிப்படிக்கு நேராக வெளிச்சுவரில் ஒரு வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர் ஓடினால் அதன் வாயில் ஆவி வரும். ஓடாமல் ஓய்வெடுக்கும் நேரத்திலும் வராது, அணைத்திருந்தாலும் வராது. இப்போது வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் புசுபுசுவென்று வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மகன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. செக்கர் வலது கையைப் பையிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே விட்டுக்கொண்டு, மூச்சைக்கூட மெல்ல விட்டபடி, அந்தக் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.